நாற்பத்தொன்றாம் பக்கத்துப் பங்குதாரர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லைப் போட்டவன் நான். போடுவதற்கு எனக்கு ஆன நேரம் ஒரு டீ ஆறுகிற நேரம்.

மற்ற கதைகளுக்கு வேறு மாதிரி பதில் சொல்லியிருக்கிறேன். கூட்டங்களில் யாராவது கேட்டால், பஸ்ஸில் பார்த்த ஒரு முகம், ஆடிசன்பேட்டையில் காதில் விழுந்த ஒரு சண்டை என்று எதையாவது அளந்துவிடுவேன். இதற்கு அப்படி அளக்க முடியாது. இதில் வருகிற பெண்மணி இன்னும் இங்கேதான் இருக்கிறார். காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதுகூட இல்லை. திருப்பிக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

என் பெயர் முத்துக்குமார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவன். இப்போது செவிலிமேட்டில் வீடு. அண்ணன் வீட்டில் மூன்று தறி ஓடுகிறது. அவருக்குத் தறி வந்தது, எனக்குத் தமிழ் வந்தது. இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். கதை சோறு போடாது என்பதால், தாமல் ஏரியைத் தாண்டிப் போனால் வருகிற ஒரு கம்பெனிக்குத் தமிழ் எழுதிக் கொடுக்கிறேன். கார் உதிரிபாகங்களுக்கு முலாம் பூசும் கம்பெனி. பெயர் வேண்டாம்.

கம்பெனி வருடா வருடம் ஓர் அறிக்கை போடும். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள், தொழிலாளர்கள், சரக்கு கொடுப்பவர்கள், அரசாங்கம் என்று அதனோடு ஏதோ ஒரு விதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற எல்லோரிடமும் கம்பெனி எப்படிப் பேசியது, அவர்கள் என்ன சொன்னார்கள், அதற்குக் கம்பெனி என்ன செய்தது என்கிற அறிக்கை. அந்த எல்லோருக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக ஸ்டேக்ஹோல்டர் என்று வைத்திருக்கிறார்கள். சென்ற வருடம் முதல் தடவையாக அறிக்கையைத் தமிழில் போட்டு வீட்டுக்கு வீடு கொடுப்பது என்று முடிவு செய்து என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் பங்குதாரர் என்று போட்டேன்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

வடிவு காலை ஐந்து மணிக்கு எழுந்து மேலத்தாங்கலின் தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடந்தபோது, கிழக்கே வானம் மெல்ல

மெல்ல என்ன? வெளுத்ததா, சிவந்ததா? வானத்தைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்? இது நான் நடைப்பயிற்சிக்குப் போகும்போது பார்க்கிற வானம். விட்டுவிட்டேன்.

முலாம் என்பது பொய்யல்ல, உண்மையின் மேல் இன்னொரு உண்மையைப் பூசுவது. எங்கள் ஊர் ஜரிகையை எடுத்துக்கொண்டால், பட்டு நூலின் மேல் வெள்ளி, வெள்ளியின் மேல்

இது மேடையில் கைதட்டு வாங்குகிற வரி. கைதட்டு வாங்கத்தான் இதை எழுதினேன் என்று மறுநாள் படித்தபோது தெரிந்தது. இதையும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது:

வடிவு மேலத்தாங்கலில் டேங்க் ஆபரேட்டர்.

இதை வைத்துக்கொள்கிறேன். மேலத்தாங்கல் நூற்றுப்பத்து வீடுகள் கொண்ட குடியிருப்பு. ஒரு தலைமுறைக்கு முன்னால் ஊரில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. எல்லோரும் அடுத்தவர் கழனியில் வேலை செய்தவர்கள். இன்றைக்கு அங்கே நர்ஸ் இருக்கிறார், எலக்ட்ரீஷியன் இருக்கிறார், ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வடிவின் கணவர் காசிநாதன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் அபி ஒன்பதாம் வகுப்பு. வடிவுக்குப் பஞ்சாயத்தில் வேலை. காலையும் மாலையும் மோட்டார் போட்டு, போர்த் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றி, கேட்வால்வைத் திறந்து தெருத்தெருவாகத் தண்ணீர் விட வேண்டும். மோட்டார் ரூம் சாவியும் வால்வு சாவியும் அவர் இடுப்பில் இருக்கும். பத்து வருடமாக இருந்தன.

(* முதல் வரைவில் வடிவுக்கு ‘அவள்’ என்றும், பின்னால் வரப்போகிற கம்பெனி மேனேஜருக்கு ‘அவர்’ என்றும் எழுதியிருந்தேன். கண்டுபிடித்தது என் மனைவி அகிலா. “ஏன், தண்ணி தொறந்துவிடறவங்களுக்கு ‘ர்’ போடமாட்டீங்களா?” என்றாள். வடிவுக்கு என்னைவிட ஒரு வயது அதிகம். மேனேஜருக்கு முப்பது. திருத்திவிட்டேன். அறிக்கையில் மட்டும் ‘திருமதி’ போட மறக்கவில்லை, பாருங்கள்.)

3

மேனேஜரின் பெயர் சந்தியா. கம்பெனியின் தொடர்புப் பிரிவு அவர் கையில் இருந்தது. நல்ல பெண். கோபமே வராது. கூட்டம் போட்டால் நாலு பேர் கத்துவார்கள், மீதிப் பேர் வாயே திறக்கமாட்டார்கள். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கேட்டால் மனம் விட்டுப் பேசுவார்கள் என்று அவருக்கு எங்கோ பயிற்சி கொடுத்திருந்தார்கள். அது உண்மைதான். பேசினார்கள். ஆனால் ஒருவர் பேசியது இன்னொருவர் காதில் விழவில்லை. அதன் விபரீதம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

வடிவு அந்த ஏசி அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி:

“நான் சொல்றத எழுதிக்குவீங்களா?”

“அதுக்குத்தாம்மா சார் வந்திருக்காரு,” என்றார் சந்தியா.

வடிவு என் பேனாவைப் பார்த்தார். “அப்ப எழுதிக்கோங்க சார். காலைல மோட்டார் போட்டா மொத அரை மணி நேரம் தண்ணி மஞ்சளா வருது. ஒரு நாத்தம் அடிக்குது. துரு நாத்தம் இல்ல, அது எனக்குத் தெரியும். முன்னல்லாம் இப்டி இல்ல. நீங்க பின்னாண்ட புதுசா குழி வெட்டி தண்ணி தேக்கறீங்களே, அதுக்கப்பறந்தான்.”

“டெஸ்ட் ஏதாவது பண்ணீங்களாம்மா?”

“நான் எங்க போயி டெஸ்ட் பண்றது? எங்கையி மஞ்சளாவுது, அதான் டெஸ்ட்டு. பஞ்சாயத்துல சொன்னேன். கம்பெனில போயி சொல்லுன்ட்டாங்க. அதான் வந்துக்கிறேன்.”

“அந்தத் தண்ணியவா ஊர்ல குடிக்கிறாங்க?” என்று நான் கேட்டேன். அன்றைக்கு நான் கேட்ட ஒரே கேள்வி.

“குடிக்க வுடுவனா? அத்த நான் மேல ஏத்தறதில்ல சார். கால்வாய்ல வுட்டுடுவேன். நல்லாத் தெளிஞ்சப்பறந்தான் தொட்டிக்கி. ஊர்ல யாருக்கும் தெரியாது. சொன்னா பயந்துக்குவாங்க, வேற தண்ணிக்கு எங்க போறது? ஆனா நான் ஒரு நாளு காய்ச்சல்னு படுத்துட்டேன்னு வைங்க. வேற யாராச்சும் வந்து மோட்டார் போட்டா அத்தினி பேரு வவுத்துக்கும் போவும். அத்த எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டேன். நோட்டில் வார்த்தை மாறாமல் இருக்கிறது. அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான். சந்தியா இப்போது புனேவில் இருக்கிறார். ஆக, வடிவு என்ன சொன்னார் என்பதற்கு இந்த ஊரில் சாட்சி நான் ஒருவன்தான்.

4

அந்தப் பேச்சை அறிக்கையில் ஒரே வாக்கியமாக்க வேண்டும். புகைப்படத்துக்குக் கீழே வருகிற வாக்கியம். நான் எழுதியதும் சந்தியா சொன்னதும் அப்படியே கீழே.

காலையில் முதல் அரை மணி நேரம் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்றார் வடிவு.
“இது அவங்க சொன்னதுதான் சார். ஆனா நம்ம அச்சுல வந்தா நாம ஒத்துக்கிட்டதா ஆயிடும்.”

தண்ணீரின் நிறத்தில் சில வேளைகளில் மாற்றம் தெரிவதாக
“நிறம் வேணாமே.”

குடிநீரின் தரம் குறித்த கவலையை
“கவலைக்கு வேற சொல் இருக்கா சார்? உங்களுக்குத் தெரியாததா!”

குடிநீர் விநியோகம் தடையின்றி நடைபெறுவதாகவும், அதன் தரத்தை மேலும் மேம்படுத்த வாய்ப்பு இருப்பதாகவும் நமது பங்குதாரர் திருமதி வடிவு தெரிவித்தார்.

“சூப்பர் சார்.”

நான்காவதை எழுதி முடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துவிட்டுக் கதையை மேலே கொண்டுபோக எனக்கு ஆசைதான். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு பொய்கூட இல்லை என்று நினைத்தேன். கெட்ட தண்ணீரை மேம்படுத்த வாய்ப்பு உண்டுதானே? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்துவிட்டு மேலே நெய்யும் ஊற்றியிருந்தேன்.

பங்குதாரர் என்ற சொல்லுக்கும் இதே மாதிரி ஒரு மத்தியானம்தான். ‘சம்பந்தப்பட்டவர்கள்’ என்றேன், போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது என்றார் சந்தியா. ‘பாதிக்கப்படுவோர்’ என்றபோது சிரித்தேவிட்டார். வக்கீல் அறையைத் தாண்டாது என்றார். ‘அக்கறையாளர்’ என்பதை நானே வேண்டாம் என்றேன். அப்படி ஒரு சொல்லை எந்த மனிதரும் வாயால் சொல்லமாட்டார். பங்காளி என்று போட்டால் நன்றாக இருக்குமே என்று விளையாட்டாகச் சொன்னேன். பங்காளி என்றால் சாவுக்குத் தீட்டுக் காக்க வேண்டும், கம்பெனி காக்குமா என்று நானே கேட்டு நானே சிரித்தேன். சந்தியாவுக்குப் புரியவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. பங்குதாரர் என்று எழுதினேன். செய்தித்தாள்களில் அப்படித்தான் போடுகிறார்கள். மரியாதையாகவும் இருந்தது. நிலமே இல்லாதிருந்த ஓர் ஊருக்குப் பங்கு என்று ஒரு சொல் கிடைக்கிறதே என்று நான் நெகிழ்ந்துகூடப் போனேன்.

5

அறிக்கை வந்தது. வழவழப்பான தாள், அறுபது பக்கம். வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். கூடவே கம்பெனி பெயர் பொறித்த எவர்சில்வர் குடம் ஒன்று.

மேலத்தாங்கலில் எதையும் முதலில் படிப்பவர் தணிகாசலம். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படித்து மற்றவர்களுக்கு விளக்கம் சொல்வார். கெட்ட மனிதர் அல்ல. அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று நம்புகிறவர். என்னைப் போன்றவர்களின் பிழைப்பே அவரைப் போன்றவர்களால்தான் ஓடுகிறது. அடுத்து வருவதை நான் நேரில் பார்க்கவில்லை. காசிநாதன் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

நாற்பத்தொன்றாம் பக்கம். தொட்டிக்குக் கீழே சாவிக்கொத்தோடு நின்று சிரிக்கிற வடிவு.

“நமது பங்குதாரர் திருமதி வடிவுன்னு போட்டுக்குது பா,” என்றார் தணிகாசலம்.

“அப்டின்னா இன்னா?”

“பங்கு வெச்சிக்கினு இருக்கறவங்க. டிவில பங்குச்சந்தை, பங்குச்சந்தைன்னு சொல்றான் பாரு, அந்தப் பங்கு. கம்பெனில இவங்களுக்கும் பாகம் இருக்குதுன்னு அர்த்தம்.”

“நம்ம வடிவுக்கா?”

“நானா சொல்றேன்? போட்டுக்குதே. தண்ணில்லாம் நல்லாத்தான் வருதுன்னு சொல்லிக்கிறாங்க, பாரு.”

அவ்வளவுதான். ஒருவர் எழுந்தார். வடிவு தினமும் காலையில் தண்ணீரைக் கால்வாயில் விடுவதை ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது என்றார். அவருக்கு என்ன புரிந்தது என்று அவராலும் சொல்லியிருக்க முடியாது. கம்பெனியோடு சேர்ந்துகொண்டு எதையோ மறைக்கிறார் என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அரை மணி நேரமே வடிவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

(* இந்த இடத்தில் ஒரு வாசகர் கேட்கலாம்: அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே? சொன்னார். “தண்ணி மஞ்சளா வருதுன்னுதான் நான் சொன்னேன்” என்றார். “அப்ப ஏன் அச்சுல வேற மாறி இருக்குது?” என்று கேட்டார் தணிகாசலம். அதற்கு வடிவிடம் என்ன பதில் இருக்கும்? பதில் என்னிடம் இருந்தது.)

பத்து நாளில் பஞ்சாயத்தில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வேறு ஆள் போட்டார்கள். காசிநாதனின் ஆட்டோவில் ஊர்க்காரர்கள் ஏறுவதில்லை. நின்றால் ‘போய்க்கோ, போய்க்கோ’ என்று கையைக் காட்டுகிறார்கள். அவருக்குத் தெரிந்த ஒரே ஷேர் அந்த ஆட்டோதான். அபியைப் பள்ளிக்கூடத்தில் ‘பங்குதாரர் பொண்ணு’ என்று கூப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் வடிவு பொறுத்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். சாவி போன மறுநாள் காலை மோட்டார் ரூமுக்கே போயிருக்கிறார். புது ஆளிடம், “தம்பி, மொத அரை மணி மட்டும் கீழ வுட்டுட்டு அப்பறம் ஏத்துபா,” என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, “பங்குதாரர் அம்மா ஆர்டர் போட்டுட்டாங்கபா,” என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். தண்ணீர் நேராக மேலே ஏறியது. அன்றிலிருந்து தினமும் ஏறுகிறது. தொட்டியில் கலந்துவிட்டால் மஞ்சள் தெரியாது. கம்பெனி கொடுத்த குடத்தில் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது.

6

வடிவு என் வீட்டுக்கு வந்தது பற்றி.

முதல் வரைவில் அவரை வாசல்படியில் உட்கார வைத்திருந்தேன். கண்ணீரும் வர வைத்திருந்தேன். நடந்தது அதுவல்ல. டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, நாலு வீட்டில் விசாரித்து, காலிங் பெல்லை அடித்து, உள்ளே வந்து ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். அழவில்லை. அகிலா காபி கொடுத்தாள். குடித்தார். படியில் உட்கார்ந்து அழுகிற வடிவை எனக்கு ஏன் அவ்வளவு சுலபமாக எழுத வந்தது என்று யோசிக்கப் பிடிக்கவில்லை. அவர் அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன்.

“ஒரே ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க சார்,” என்றார். “இவங்களுக்கு கம்பெனில பங்கு கெடையாது, தண்ணி மஞ்சளா வருதுன்னுதான் சொன்னாங்க, மாத்திப் போட்டவன் நான்னு. கீழ உங்க பேரு, கையெழுத்து. தணிகாசலம் அண்ணங்கிட்ட குடுத்தா அவரே அல்லாருக்கும் படிச்சுக் காட்டுவாரு. நான் வாயால சொன்னா ஏற மாட்டேங்குது. எழுத்துல இருந்தா நம்புவாங்க.”

“கம்பெனில ஒரு வார்த்த கேட்டுட்டு...”

“உங்க கையெழுத்துக்கு கம்பெனிய எதுக்கு சார் கேக்கணும்?”

நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அங்கே கேட்டது எதையும் வெளியில் சொல்லமாட்டேன் என்கிற காகிதம். மீறினால் கேஸ் போடுவார்கள்.

வடிவு காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “நானுந்தான் கையெழுத்து போட்டேன்,” என்றார். “பேசி முடிச்சதும் ஒரு நோட்டுல போடச் சொன்னீங்களே. அது இன்னாதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க எழுதிக்கினீங்கன்னு நம்பிப் போட்டேன். சாவி எனக்கு வேணாம் சார். நான் சொல்றத அவங்க கேட்டா போதும். மொதத் தண்ணி கீழ போனா போதும்.”

ஒரு வாரம் டைம் கொடுங்கள் என்றேன். போய்விட்டார். அகிலா டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

7

ஒன்றுமே செய்யாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் சொல்லும் தவறு, கருத்தும் தவறு, திருத்தம் வெளியிட வேண்டும், தண்ணீரை உடனே பரிசோதிக்க வேண்டும் என்று. சந்தியா இடத்துக்கு வந்த புதியவரிடமிருந்து மூன்றாம் நாள் பதில் வந்தது. தமிழில்தான். என்னுடைய தமிழ், நான் போன வருடம் எழுதிக் கொடுத்த மாதிரிக் கடிதம்.

‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தங்கள் கருத்து எங்கள் பங்குதாரர் ஈடுபாட்டுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டுள்ளது. தங்களைப் போன்ற பங்குதாரர்களின் தொடர்ந்த ஆதரவை நாடுகிறோம்.’

படித்துவிட்டுச் சிரித்தேன். அந்தக் கடிதத்தைக் காட்டி மறுபடியும் கேட்டிருக்கலாம், கலெக்டர் ஆபீஸுக்கு எழுதியிருக்கலாம், மேலத்தாங்கலுக்கே நேரில் போயிருக்கலாம். அதற்குப் பதிலாக இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். ஒரு வாரம் மூன்று மாதமாகிவிட்டது. வடிவு கேட்டது நாலு வரி. நான் எழுதியிருப்பதை எண்ணிப் பாருங்கள்.

(* இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வருட அறிக்கைக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒப்புக்கொண்டுவிட்டேன். உள்ளே இருந்தால்தான் அந்தச் சொல்லை மாற்ற முடியும் என்று அகிலாவிடம் காரணம் சொன்னேன். ‘ம்’ என்றாள்.)

8

முடிவுகள்.

ஒன்று. ஆடி மாதம். மேலத்தாங்கல் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். மைக் செட் அலறுகிறது. எழுத்தாளர் ஆட்டோவிலிருந்து இறங்குகிறார், காசிநாதனின் ஆட்டோ. பாட்டை நிறுத்தச் சொல்லி மைக்கை வாங்குகிறார். ‘தப்பு என்னுடையது’ என்கிறார். கூட்டம் அடங்குகிறது. தணிகாசலம் மெல்ல எழுந்து வந்து, தன் கையாலேயே சாவியை வடிவிடம்

இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. கலங்கியவுடன் சந்தேகம் வந்துவிட்டது. இந்த முடிவில் வடிவுக்குச் சாவி கிடைக்கிறது. எனக்கோ மைக், கூட்டம், கைதட்டல் எல்லாமே கிடைக்கிறது. அடித்துவிட்டேன்.

இரண்டு. மேலத்தெருவில் ஒரு குழந்தைக்கு

இதை எழுதமாட்டேன். கதைக்கு வலு வரும் என்று தெரியும். எழுதினால் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நடந்தாலும் இந்த முடிவை முதலிலேயே யோசித்து வைத்தவன் என்கிற பெருமை எனக்கு வரும். அந்தப் பெருமையை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மூன்று என்று ஒன்று இருந்தது. வடிவே இந்தக் கதையைக் கேட்பது. அதில் அவர் என்னை மன்னிப்பதாக எழுதி வைத்திருந்தேன். மற்ற இரண்டையும்விட அது பரவாயில்லை என்று தோன்றியதால், நிஜமாகவே அவரிடம் படித்துக் காட்டுவது என்று கிளம்பினேன்.

9

வடிவு இப்போது காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் வேலை செய்கிறார். வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட புடவைகளை மறுபடி மடித்து வைக்கிற வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, “படிங்க சார்,” என்றார்.

படித்தேன். எட்டுப் பகுதிகளையும். ஏசி அறையில் அவர் பேசியது வந்தபோது தலையை ஆட்டினார். “அப்டியேதான் சொன்னேன். மறக்காம வெச்சிக்கினு இருக்கீங்க.” எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. படியில் உட்கார வைத்த விஷயம் வந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தார். முடித்தேன்.

“நல்லாத்தான் எழுதிக்கிறீங்க,” என்றார். “இது அச்சுல வருமா?”

“வரும்மா. ஒரு பத்திரிகைல கேட்டிருக்காங்க.”

“தணிகாசலம் அண்ணங்கிட்ட காட்டலாமா?”

“தாராளமா காட்டலாம்.”

“ஆனா, இந்த வடிவு யாரு சார்?”

நான் கையிலிருந்த தாள்களை அடுக்கினேன்.

“மேலத்தாங்கல்னு ஒரு ஊரு எங்க இருக்குது? இத்த நான் எடுத்துக்கினு போயி யார்கிட்ட காட்டுறது? யாரோ ஒரு வடிவு நல்லவ, அவகிட்ட பங்கு இல்ல, சரி. எனக்கு இன்னா?”

“கதைன்னா பேர மாத்தித்தாம்மா எழுதுவாங்க. உங்களுக்கு ஒரு தொந்தரவு வரக்கூடாதுன்னு...”

“எம்பேரு கெட்டப்ப எம்பேரு, எம்போட்டோ, எங்க ஊரு எல்லாத்தையும் போட்டீங்களே. திருத்தறதுக்கு மட்டும் வேற பேரா?”

கடைக்குள்ளிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்துகொண்டார். இரண்டடி போய்விட்டுத் திரும்பினார்.

“முத்துக்குமார்னு போட்டுக்கிறீங்களே, அது யாரு? உங்க பேரும் அது இல்லியே.”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு உள்ளே போய்விட்டார்.

மன்னிப்பு என்று நான் எழுதி வைத்திருந்த பக்கத்தைக் கிழித்துவிட்டேன். இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுத்தாளன் நழுவிவிடுவது வழக்கம். நானும் அதற்குத்தான் திட்டம் போட்டிருந்தேன். ஆனால் இதை உங்களிடம் கொடுத்துப் பிரயோஜனமில்லை. எழுத வேண்டியது என்ன என்பதில் சந்தேகமே கிடையாது. இதுதான்:

................ என்பவருக்குக் கம்பெனியில் எந்தப் பங்கும் கிடையாது. தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்றுதான் அவர் சொன்னார். மோட்டார் போட்டதும் வருகிற முதல் அரை மணி நேரத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். அவர் சொன்னதை மாற்றிப் போட்டவன் நான்.
இப்படிக்கு,
................

இரண்டு கோடிட்ட இடங்கள். உங்களால் நிரப்ப முடியாது, உங்களுக்குப் பெயர்கள் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும். அச்சுக்கு அனுப்புவதற்கு முன் இந்தக் கதையை நான்கு முறை திருத்தினேன். ஒற்றுப்பிழைகளைக்கூட விடவில்லை. ஒவ்வொரு முறையும் இந்த இடத்துக்கு வந்து, பேனாவை வைத்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் கேன் தண்ணீர்.